விண்மீனைப் பார்த்துக் கோளை அறிதல்

"பூமியைப் போன்ற மற்றோர் உலகம் கண்டுபிடிக்கப்பட்டது" என்னும் தலைப்பு ஆண்டுக்கு இரண்டு மூன்று முறையேனும் பத்திரிகைகளில் வந்துவிடுகிறது. செய்தியோடு வண்ணப் படமும் இருக்கும். நீலக் கடலும் வெண்மேகமும் சூழ்ந்த ஓர் உருண்டை. அதன் பின்னே செந்நிறத்தில் ஒரு சூரியன். காண்போர் அதனைப் புகைப்படம் என்றே எண்ணிக்கொள்கிறார்கள். உண்மையில் அஃது ஓவியர் ஒருவர் தம் கற்பனையால் தீட்டிய சித்திரம். அவ்வுலகத்தின் கடலையோ மேகத்தையோ எவரும் கண்டதில்லை.

வேறு விண்மீன்களைச் சுற்றிவரும் கோள்களைப் புறக்கோள்கள் என்று வழங்குவோம். 2025-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் உறுதி செய்யப்பட்ட புறக்கோள்களின் தொகை 6,000-ஐத் தாண்டியது. இவற்றுள் நேராகப் படம் பிடிக்கப்பட்டவை மிகச் சில. அவையும் படத்தில் ஒளிப்புள்ளிகளாகத்தான் தெரிகின்றன. அப்படியானால் மற்றவற்றை எப்படி அறிந்தார்கள்? அவற்றின் எடையையும் பருமனையும் எப்படிச் சொல்கிறார்கள்? அங்கே உயிர்கள் வாழலாம் என்று கூறுவதற்கு ஆதாரம் என்ன? மாணவர்கள் கேட்கும் கேள்விகள்தாம் இவை, பெரியவர்களும் கேட்கவேண்டியவை.

முதலில் தூரத்தை மனத்தில் வாங்கிக்கொள்வோம். நமது சூரியனை ஒரு சிறிய பம்பிளிமாசுப் பழத்தளவு, அதாவது 14 சென்டிமீட்டர் குறுக்களவு உள்ளதாக வைத்துக்கொள்ளுங்கள். அப்பொழுது பூமி 15 மீட்டருக்கு அப்பால் கிடக்கும் ஒரு கடுகு. பழம் கோலாலம்பூரில் இருக்கிறதென்றால், நமக்கு மிக அருகிலுள்ள விண்மீனாகிய பிராக்சிமா செந்தாரி எங்கே இருக்கும்? 4,000 கிலோமீட்டருக்கு அப்பால், அதாவது டில்லிக்கும் சற்றுத் தள்ளி! அங்கே ஒரு பழமும் அதன் அருகே ஒரு கடுகும் இருப்பின், இங்கிருந்து அக்கடுகைக் காணவேண்டும். இவ்வளவும் பக்கத்து வீட்டுக் கதை. மற்ற விண்மீன்கள் இதனினும் பன்மடங்கு தொலைவில் உள்ளன.

தூரம் மட்டுமன்று, ஒளியும் ஒரு தடை. கண்ணுக்குப் புலனாகும் ஒளியில் சூரியன் பூமியைவிட ஏறத்தாழ 1,000 கோடி மடங்கு பிரகாசமுடையது. விடியற்காலை இருட்டில் பால்மரம் சீவச் செல்வோர் நெற்றியில் கட்டிய விளக்கைத் தொலைவிலிருந்து பார்த்தவர்களுக்கு இது விளங்கும். விளக்குத்தான் தெரியுமேயொழிய, விளக்கின் முன் பறக்கும் கொசு தெரியாது. அணிந்திருப்பவர் முகம்கூடத் தெரிவதில்லை.

ஆகவே வானநூலார் வேறொரு வழியைக் கைக்கொண்டனர். கொசுவைத் தேடாமல் விளக்கையே கூர்ந்து நோக்கினர். விளக்கு அசைகிறதா? அதன் வெளிச்சம் ஒரு கணம் மங்குகிறதா? இவ்விரு கேள்விகளிலிருந்தே புறக்கோள் ஆராய்ச்சியின் பெரும்பகுதி பிறந்தது. கோளைப் பற்றிச் சொல்லப்படுவன எல்லாம் விண்மீனின் ஒளியில் காணும் மிக நுண்ணிய மாறுதலிலிருந்து ஊகித்தவை என்பதை வாசகர்கள் நினைவில் இருத்த வேண்டும். விண்மீனைத் தவறாக அறிந்தால் கோளும் தவறாகிவிடும். கருவியில் பிழை இருந்தால் இல்லாத கோளும் தோன்றும். அத்தகைய கோள்கள் பல தோன்றி மறைந்துள்ளன.

அசைவு எதனால் உண்டாகிறது? கோள் விண்மீனைச் சுற்றுகிறது என்று நாம் பாடத்தில் சொல்லிக்கொடுக்கிறோம். முற்றிலும் சரியாகச் சொல்வதானால், இரண்டும் ஒரு பொதுவான நிறைமையத்தைச் சுற்றுகின்றன. தந்தை தம் குழந்தையின் இரு கைகளையும் பற்றிக்கொண்டு தட்டாமாலை சுற்றும்போது, குழந்தை பெரிய வட்டமாகப் பறக்கிறது. தந்தையும் நிமிர்ந்து நிற்பதில்லை. பின்புறம் சாய்ந்து, சிறிய வட்டமொன்றில் தாமும் சுழல்கிறார். குழந்தை கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் தந்தையின் தள்ளாட்டத்தைக் கண்டு, அவர் கையில் கனமான ஏதோ ஒன்று இருக்கிறதென்று சொல்லிவிடலாம். வியாழன் நமது சூரியனை இவ்வாறே ஆட்டிவைக்கிறது. சூரியன், வியாழன் இரண்டுக்கும் பொதுவான நிறைமையம் சூரியனின் மேற்பரப்புக்குச் சற்று வெளியிலேயே அமைந்திருக்கிறது.

இந்தத் தள்ளாட்டத்தைக் கண்டுவிட்டதாக எழுந்த முதல் குரல்களில் ஒன்று சென்னையிலிருந்து எழுந்தது என்பது நம்மவருள் பலர் அறியாத செய்தி. நுங்கம்பாக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியார் 1792-ஆம் ஆண்டு அமைத்த வானாய்வுக்கூடம் ஒன்று இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் அதன் தலைவராக இருந்தவர் கேப்டன் வில்லியம் ஸ்டீபன் ஜேகப். பாம்பேந்தி எனப்படும் விண்மீன் கூட்டத்தில் '70 ஓஃபியூக்கி' என்றொரு இரட்டை விண்மீன் உண்டு. இரண்டும் ஒன்றையொன்று ஏறத்தாழ 88 ஆண்டுகளில் சுற்றி வருகின்றன. அவை இருக்கும் இடங்களைப் பல ஆண்டுக் கணக்குகளோடு ஒப்பிட்ட ஜேகப், அவை கணக்குக் கூறும் பாதையில் செல்லவில்லை என்று கண்டார். கண்ணுக்குத் தெரியாத கோள் ஒன்று இழுப்பதே காரணமாக இருக்கக்கூடும் என்று 1855-இல் இங்கிலாந்தின் அரச வானநூற் கழகத்துக்கு எழுதினார். அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்புதான், யுரேனஸ் பாதை தவறியதை வைத்து நெப்டியூனைக் கண்டுபிடித்திருந்தார்கள். ஆகவே அவருடைய ஊகம் அந்நாளில் அறிவுக்குப் பொருந்தியதே.

நாற்பது ஆண்டுகள் கழித்து அமெரிக்காவில் தாமஸ் சீ என்பவர் அதே விண்மீனைப் பற்றி இன்னும் உறுதியாக எழுதினார். அங்கே ஒளியற்ற ஒரு பொருள் இருக்கிறது. அது 36 ஆண்டுக்கு ஒருமுறை சுற்றுகிறது என்று காலம் வரைக்கும் கணித்துக் கூறிவிட்டார். 1899-இல் ஃபாரஸ்ட் மோல்ட்டன் என்ற இளைஞர் கணக்குப் போட்டுப் பார்த்தார். சீ கூறிய பாதையில் அத்தகைய பொருள் ஒன்று சுற்றுமானால் அது நிலைத்திருக்க முடியாது, மூன்று பொருள்களின் ஈர்ப்பினால் விரைவில் சிதறிப்போகும் என்று காட்டினார். அத்தோடு அந்தக் கோள் மறைந்தது. இன்றுவரை அவ்விரட்டை விண்மீனுக்குக் கோள் எதுவும் உறுதிப்படவில்லை. ஜேகப்பும் சீயும் ஒரே தவற்றைத்தான் செய்தார்கள். எனினும், முன்னவர் 'இருக்கக்கூடும்' என்றார், பின்னவர் 'இருக்கிறது' என்றார். இந்த வேற்றுமை சிறியதன்று.

அடுத்த கதை இன்னும் உருக்கமானது. பாம்பேந்திக் கூட்டத்திலேயே பர்னார்டு விண்மீன் என்னும் மங்கலான செவ்விண்மீன் உள்ளது. சுமார் 6 ஒளியாண்டுத் தூரத்தில் நமக்கு நெருங்கிய அயலார். அமெரிக்காவில் ஸ்வார்த்மோர் கல்லூரியைச் சேர்ந்த ஸ்பிரவுல் வானாய்வுக்கூடத்தில் பீட்டர் வான் டி காம்ப் என்பவர் 1938 முதல் இவ்விண்மீனைப் புகைப்படத் தகடுகளில் பதிவுசெய்து வந்தார். கால் நூற்றாண்டு உழைப்புக்குப் பின் 1963-இல், வியாழனைவிடப் பெரிய கோள் ஒன்று அவ்விண்மீனை 24 ஆண்டுகளில் சுற்றுகிறது என்று அறிவித்தார். உலகம் நம்பியது. பாடநூல்களிலும் ஏறிவிட்டது.

பத்தாண்டுகள் கழித்து, 1973-இல், ஜார்ஜ் கேட்வுட், ஹைன்ரிச் ஐக்ஹார்ன் என்ற இருவர் வேறு தொலைநோக்கிகளில் எடுத்த தகடுகளை அளந்து பார்த்தனர். தள்ளாட்டம் எதுவும் தென்படவில்லை. அதே ஆண்டில் ஸ்பிரவுல் கூடத்தைச் சேர்ந்த ஜான் ஹெர்ஷியே காரணத்தையும் கண்டறிந்தார். பர்னார்டு விண்மீன் மட்டுமல்ல, அத்தொலைநோக்கியால் நோக்கப்பட்ட மற்ற விண்மீன்களும் அதே ஆண்டுகளில் அதே விதமாகக் குலுங்கியிருந்தன. 1949-இலும் 1957-இலும் தொலைநோக்கியின் வில்லை அமைப்பைச் சீர்செய்து மாற்றியிருந்தார்கள். குலுங்கியது வானம் அன்று, வில்லை! வான் டி காம்ப் இதனை ஏற்றுக்கொள்ளவில்லை. 1995-இல் காலமாகும்வரை தம் கோளை அவர் கைவிடவில்லை.

இதற்கு நேர்மாறான ஒரு நிகழ்ச்சியையும் சொல்ல வேண்டும். 1991-இல் இங்கிலாந்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ லைன் என்பவரும் அவருடைய தோழர்களும், துடிப்பு விண்மீன் ஒன்றை ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒரு கோள் சுற்றுகிறது என்று வெளியிட்டனர். துடிப்பு விண்மீன் என்பது வெடித்துச் சிதறிய பெருவிண்மீனின் எச்சம். கடிகாரம் போல் தவறாமல் வானொலி அலைகளைத் துடிப்புத் துடிப்பாக அனுப்புவது. சில மாதங்களில் லைனுக்கே ஐயம் பிறந்தது. பூமி சூரியனைச் சுற்றும் பாதை சரியான வட்டமன்று என்பதைக் கணக்கில் முறையாகச் சேர்க்காமல் விட்டிருந்தார்கள். அவர் கண்டது நம் பூமியின் அசைவையே! 1992 ஜனவரியில் அமெரிக்க வானநூற் கழகத்தின் கூட்டத்தில் எழுந்து நின்று பிழையை ஒப்புக்கொண்டார். சபையினர் எழுந்து கரகோஷம் செய்தனர். அதே கூட்டத்தில்தான் போலந்து நாட்டவரான அலெக்சாண்டர் வோல்ஷ்சான், தாமும் டேல் ஃபிரெயிலும் வேறொரு துடிப்பு விண்மீனைச் சுற்றும் இரு கோள்களைக் கண்டதைப் பற்றிப் பேசினார். அவை நிலைத்தன. உறுதிப்பட்ட முதற் புறக்கோள்கள் என்ற பெருமை அவற்றுக்கே உரியது. ஆனால் கொடுங்கதிர் வீசும் பிணவிண்மீனைச் சுற்றும் உலகங்கள் அவை. உயிர் தேடுவோர்க்கு உகந்த இடமன்று.

நிற்க. சூரியனைப் போன்ற விண்மீன் ஒன்றுக்குக் கோள் உண்டு என்று காட்டியது வேறொரு முறை. விண்மீன் பக்கவாட்டில் அசைவதை அளப்பதற்குப் பதிலாக, நம்மை நோக்கி வருவதையும் விலகிச் செல்வதையும் அளந்தார்கள். இரயில் வண்டி ஊதிக்கொண்டு நெருங்கும்போது ஒலி கூர்மையாகவும், கடந்து செல்லும்போது தாழ்ந்தும் கேட்பது எல்லோரும் அறிந்தது. ஒளிக்கும் இவ்வியல்பு உண்டு. விண்மீன் நெருங்கும்போது அதன் நிறமாலைக் கோடுகள் நீலத்தின் பக்கமும், விலகும்போது சிவப்பின் பக்கமும் சற்றே நகர்கின்றன. வியாழனால் நமது சூரியன் அடையும் வேகம் விநாடிக்கு 12 மீட்டர் சொச்சம். தோட்டத்துப் பாதையில் போகும் பேருந்தின் வேகம்தான். பூமியால் அடைவதோ விநாடிக்கு 9 சென்டிமீட்டர். கொதித்துக் குமுறும் சூரியனின் மேற்பரப்பே இதனினும் பன்மடங்கு வேகத்தில் ஏறி இறங்குகிறது. இன்னொரு பூமியை இம்முறையில் காண்பது எவ்வளவு அரிது என்பது இதனால் விளங்கும்.

1995 அக்டோபரில் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த மிஷேல் மேயர், டிடியே குவெலோஸ் இருவரும் இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரில் தங்கள் கண்டுபிடிப்பை அறிவித்தனர். சுமார் 50 ஒளியாண்டுத் தொலைவில் உள்ள '51 பெகாசி' என்ற விண்மீன் 4 நாளைக்கு ஒருமுறை முன்னும் பின்னும் அசைகிறது. வியாழனில் பாதி எடையுள்ள கோள் அதனை உராய்வது போல் நெருங்கிச் சுற்றுகிறது என்றனர். வியாழன் தன் சூரியனைச் சுற்ற 12 ஆண்டு எடுக்கும்போது இந்தக் கோளின் ஓராண்டு 4 நாளில் முடிகிறது! அப்படிப்பட்ட கோளை எவரும் எதிர்பார்க்கவில்லை. ஓட்டோ ஸ்ட்ரூவ் என்ற அறிஞர் மட்டும், பெரிய கோள்கள் விண்மீனுக்கு மிக அருகிலும் இருக்கலாம், தேடிப் பாருங்கள் என்று 1952-இலேயே எழுதியிருந்தார். கேட்பார் இல்லை. மேயர், குவெலோஸ் கூறியதை வேறு நாட்டார் தங்கள் கருவிகளால் சில நாட்களிலேயே சோதித்து, உண்மை என்றனர். இருவருக்கும் 2019-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இரண்டாம் கேள்வி வெளிச்சம் மங்குவதைப் பற்றியது. 2004 ஜூன் 8-ஆம் நாளிலும் 2012 ஜூன் 6-ஆம் நாளிலும் வெள்ளிக்கோள் சூரியனின் முகத்தைக் கடந்து சென்றதை நம் நாட்டிலிருந்தே பாதுகாப்புக் கண்ணாடி கொண்டு பலர் பார்த்தார்கள். சூரியனில் வைத்த மிளகு போல் தெரிந்தது. இனி அத்தகைய கடப்பு 2117-இல்தான் நிகழும். (1874-ஆம் ஆண்டுக் கடப்பின்போது, மேலே சொன்ன சென்னை வானாய்வுக்கூடத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி என்பவர் பொதுமக்களுக்காக அதனை விளக்கி நூல் எழுதினார். நம்மவர் நினைவில் வைக்கவேண்டிய பெயர்.) நம்மிடமிருந்து பார்க்க ஒரு புறக்கோளின் பாதை தன் விண்மீனின் முகத்துக்கு நேராக அமைந்துவிட்டால், கடக்கும் ஒவ்வொரு முறையும் விண்மீனின் ஒளி சிறிது குறையும். எவ்வளவு குறையும் என்பது பள்ளிக் கணக்கே. சூரியனின் குறுக்களவு பூமியினுடையதைப் போல் 109 மடங்கு. 109-ஐ 109-ஆல் பெருக்கினால் 11,881. ஆகவே பூமி கடக்கும்போது சூரிய ஒளியில் ஏறத்தாழ 12,000-இல் ஒரு பங்கு குறையும். வியாழன் கடந்தால் 100-இல் ஒரு பங்கு.

1999-இல் 'எச்.டி. 209458' என்ற விண்மீனில் முதன்முதலாக இப்படி ஒரு மங்கலைக் கண்டார்கள். அக்கோள் அசைவு முறையால் முன்பே அறியப்பட்டது. ஆகவே இரண்டு சாட்சிகள் ஒரே கதையைச் சொல்லின. அசைவு எடையைத் தருகிறது. மங்கல் பருமனைத் தருகிறது. எடையைப் பருமனால் வகுத்தால் அடர்த்தி. அந்தக் கோள் நீரைக் காட்டிலும் இலேசானது என்று தெரிந்தது. தாங்குமளவு பெரிய கடல் ஒன்று இருந்து அதில் போட்டால் மிதக்கும்! ஒரு கோளைக் காணாமலே அது பாறையா, வாயுவா என்று சொல்ல முடிவது இந்த வகுத்தலால்தான். இந்த ஆராய்ச்சியில் எனக்கு மிகவும் வியப்பளிப்பது இதுவே. பெரிய தொலைநோக்கிகளைவிட இந்த எளிய கணக்குதான்.

2009-இல் அனுப்பப்பட்ட கெப்ளர் விண்தொலைநோக்கி ஒரே திசையை நோக்கி நின்று, ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் விண்மீன்களை நான்காண்டுகள் இமையாது பார்த்தது. பூமியைப் போன்ற தூரத்தில் சுற்றும் கோளின் பாதை நமக்கு நேராக அமைய வாய்ப்பு 200-இல் ஒன்றுக்கும் குறைவு. ஆகவேதான் அத்தனை விண்மீன்களைப் பார்க்க வேண்டியிருந்தது. 2018-இல் அது ஓய்வு பெறுமுன் கண்டவற்றால், கோள் உள்ள விண்மீன்கள் விதிவிலக்கல்ல, கோள்கள் எங்கும் மலிந்தவை என்பது உறுதியாயிற்று. இவ்வகையில் பழைய ஐயம் தீர்ந்தது. எஞ்சியிருப்பது உயிர் பற்றிய ஐயம்.

இங்கேதான் 'வாழ்தகு மண்டலம்' என்ற சொல் வந்து குழப்பத்தை விளைவிக்கிறது. அது குறிப்பது இவ்வளவே: விண்மீனிலிருந்து, கோளின் மேற்பரப்பில் நீர் ஆவியாகாமலும் உறையாமலும் நீராகவே நிற்கக்கூடிய தூரம். அதற்கேற்ற காற்றும் அக்கோளுக்கு இருக்க வேண்டும். நம் சந்திரன் சூரியனின் வாழ்தகு மண்டலத்தில்தான் இருக்கிறது. அங்கே புல் பூண்டு உண்டா? ஒரு கோள் அம்மண்டலத்தில் இருக்கிறது என்பது, ஒரு நிலம் மழை பெய்யும் பகுதியில் இருக்கிறது என்று சொல்வதற்கு ஒப்பாகும். விளைச்சல் உண்டு என்பது அதன் பொருளன்று. 'நீர்தங்கு மண்டலம்' என்று பெயரிட்டிருந்தால் பாதிக் குழப்பம் இராது.

நம் நாட்டுக்கே உரிய ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2019-இல் அனைத்துலக வானநூற் சங்கம் தன் நூற்றாண்டை முன்னிட்டு, ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு விண்மீனையும் அதன் கோளையும் ஒதுக்கிப் பெயரிடச் செய்தது. மலேசியாவுக்குக் கிடைத்தது 'எச்.டி. 20868'. விண்மீனுக்கு 'இந்தான்' என்றும் கோளுக்கு 'பைடூரி' என்றும் மலாய்ப் பெயர்கள் சூட்டப்பட்டன. முன்னது வைரம். பின்னது நம் வைடூரியத்தோடு உடன்பிறந்த சொல் என்பது கேட்டவுடனே விளங்கும். (சிங்கப்பூருக்குக் கிடைத்த 'வாஸ்ப்-32' என்ற விண்மீனுக்கு இலத்தீன் மொழியில் 'சிறு சிங்கம்' என்று பொருள்படும் 'பாரும்லியோ' என்ற பெயர் வைத்தார்கள்.) பைடூரி தன் விண்மீனை ஒருமுறை சுற்ற ஏறத்தாழ 380 நாள் ஆகிறது. நம் ஓராண்டுக்குச் சற்று அதிகம். சராசரித் தூரமும் ஏறக்குறைய நம்முடையதே. இவ்வளவை மட்டும் படித்தால் மற்றொரு பூமி என்றுதான் தோன்றும். ஆனால் அதன் பாதை வட்டமன்று, மிக நீண்ட நீள்வட்டம். ஒரு முனையில் நம் புதன் சூரியனை நெருங்குவதற்கும் உள்ளே சென்று தகிக்கிறது. மறுமுனையில் செவ்வாயின் தூரத்துக்கும் அப்பால் சென்று குளிர்கிறது. போதாததற்கு அது வியாழனைவிட எடை மிகுந்த வாயுக்கோள். பெயருக்கேற்ற மணிதான், குடியிருக்க ஆகாது.

உயிர் தேடுவோர் இன்று மிகுதியாக நாடுவது செங்குறு விண்மீன்களையே. விண்மீன்களில் நான்கில் மூன்று பங்கு அவ்வகையினவே. விளக்கு சிறிதானால் கொசு மறைக்கும் பங்கு பெரிதாகும் அல்லவா? அது வசதி. வெப்பம் குறைவாதலால் கோள் மிக நெருங்கிச் சுற்றினாலும் நீர் நிற்கும்; ஆகவே கடப்புகள் சில நாட்களுக்கு ஒருமுறை நிகழும். அதுவும் வசதி. பிராக்சிமா செந்தாரிக்கு இத்தகைய கோள் ஒன்று 2016-இல் அறியப்பட்டது. அதன் ஆண்டு 11 நாள். 40 ஒளியாண்டுத் தூரத்தில் 'டிராப்பிஸ்ட்-1' என்ற விண்மீனுக்கு ஏழு பாறைக்கோள்கள் இருப்பது 2017-இல் தெரிந்தது. ஏழும் நம் புதன் பாதைக்குள் அடங்கிவிடும்.

வசதிக்கு விலையும் உண்டு. இவ்விண்மீன்கள் அடிக்கடி சீறிக் கொடுங்கதிர்களை வீசுகின்றன. அருகிலுள்ள கோளின் காற்றையே அவை அரித்துவிடலாம். நெருங்கிச் சுற்றும் கோள், சந்திரன் நமக்குக் காட்டுவதுபோல, ஒரே முகத்தையே விண்மீனுக்குக் காட்டி நிற்கக்கூடும்; ஒருபுறம் என்றும் பகல், மறுபுறம் என்றும் இரவு. 2021-இறுதியில் அனுப்பப்பட்ட ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி, டிராப்பிஸ்ட்-1-இன் முதற்கோளை அளந்து, பகல்முகத்தில் சுமார் 230 பாகை வெப்பம் இருப்பதை 2023-இல் கூறியது. கனமான காற்றுப் போர்வை இருந்தால் வெப்பம் மறுபுறத்துக்கும் பரவி, பகல்முகம் இவ்வளவு சுடாது. ஆகவே அங்கே அத்தகைய காற்று இல்லை. இரண்டாம் கோளிலும் கனத்த கரியமிலவாயுப் போர்வை இல்லை என்று தெரிந்தது. நீர்தங்கு மண்டலத்தில் உள்ள 'இ' என்ற கோளைப் பற்றி 2025-இல் வந்த முதல் ஆய்வுகளால், காற்று உண்டு என்றோ இல்லை என்றோ தீர்மானிக்க முடியவில்லை.

காணாத கோளின் காற்றை எப்படிச் சோதிக்கிறார்கள்? கோள் கடக்கும்போது விண்மீனின் ஒளியில் ஒரு சிறு பங்கு அக்கோளின் காற்று விளிம்பினூடே வடிகட்டி வருகிறது. ஒவ்வொரு வாயுவும் தனக்குரிய நிறத்தை விழுங்கும். எந்த நிறம் குறைகிறதென்று பார்த்து வாயுவின் பெயரைச் சொல்லலாம். முதன்முதலில் இவ்வாறு அறியப்பட்டது, 'எச்.டி. 209458'-இன் கோளில் உள்ள சோடியம்.

2025 ஏப்ரலில் உலகெங்கும் பேசப்பட்ட செய்தி இம்முறையால் வந்ததே. சிம்மராசியில் 124 ஒளியாண்டுத் தூரத்தில் 'கே 2-18' என்ற செங்குறு விண்மீன் உள்ளது. அதன் நீர்தங்கு மண்டலத்தில் பூமியைப்போல் எட்டு மடங்குக்கு மேல் எடையுள்ள கோள் ஒன்று உண்டு. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றும் இந்தியரான நிக்கு மதுசூதன் தலைமையிலான குழுவினர், அக்கோளின் காற்றில் டைமெதில் சல்ஃபைடு, அல்லது அதன் இனமான வேறொரு கந்தகப் பொருள், இருப்பதற்கான அடையாளம் தெரிவதாகக் கூறினர். பூமியில் அவ்வாயுவைப் பெரும்பாலும் கடலில் வாழும் நுண்ணுயிர்களே உண்டாக்குகின்றன. கடற்கரைக் காற்றின் வாடையில் அதற்கும் பங்குண்டு. "அந்நிய உலகில் உயிர்!" என்று தலைப்புகள் முழங்கின.

குழுவினர் கூறியதோ, தங்கள் முடிவு தற்செயலாக அமைந்திருக்க ஆயிரத்தில் மூன்று பங்கு வாய்ப்பு உண்டு என்பதே. கேட்பதற்கு மிகக் குறைவாகத் தோன்றும். ஆனால் இத்தகைய பெரிய கூற்றுக்கு அறிவியலார் கேட்கும் அளவு பத்து இலட்சத்தில் ஒன்றுக்கும் குறைவான ஐயமே. வேறு குழுக்கள் அதே பதிவுகளை எடுத்து வேறு முறையில் கணித்தபோது அடையாளம் மிக மங்கியது. சிலர் கணக்கில் மறைந்தே போயிற்று. மேலும், உயிர் எதுவும் இல்லாத வால்வெள்ளி ஒன்றிலும் அதே வாயு கண்டறியப்பட்டுள்ளது. இதே கோளில் நீராவி இருப்பதாக 2019-இல் இரு குழுக்கள் அறிவித்ததையும் இங்கே நினைவுகூர வேண்டும். 2023-இல் வெப் தொலைநோக்கி பார்த்தபோது, நீராவி என்று எண்ணியது பெரும்பாலும் மீதேன் என்று தெரிந்தது. மீதேனும் கரியமிலவாயுவும் அங்கிருப்பதாக அப்போது அறிவிக்கப்பட்டது. அதற்குமேல் அக்கோளில் கடல் உண்டா, உருகிய பாறை உண்டா, அல்லது நிலமே இல்லாத வாயுப் பொதியா என்பதிலேயே கருத்து வேற்றுமை நிலவுகிறது.

இன்னொரு சங்கடமும் உண்டு. சூரியனில் கரும்புள்ளிகள் தோன்றுவது போல் செங்குறு விண்மீன்களிலும் தோன்றும். அவற்றின் புள்ளிகள் குளிர்ந்தவை. சிலவற்றில் நீராவியேகூட இருக்கும். ஆகவே நீராவியின் அடையாளம் தெரிந்தால், அது கோளினுடையதா, விண்மீனின் மேனியில் உள்ள புள்ளியினுடையதா என்று முதலில் கேட்க வேண்டும். டிராப்பிஸ்ட்-1-இல் ஆய்வாளரைத் தடுமாற வைப்பது இதுவே. சென்னை வானாய்வுக்கூடத்தின் பணி 1899-இல் கோடைக்கானலுக்கு மாறி, அங்கே சூரியனின் புள்ளிகள் நூறாண்டுக்கு மேலாக நாள்தோறும் படம் பிடிக்கப்பட்டு வந்திருக்கின்றன. சூரியனை ஆராய்வதற்கும் வேற்றுலகம் தேடுவதற்கும் என்ன தொடர்பு என்று அந்நாளில் எவரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

பர்னார்டு விண்மீனின் கதைக்கு ஒரு பிற்பகுதியும் உண்டு. 2024-இல் ஐரோப்பியர் சிலி நாட்டில் நிறுவியுள்ள பெருந்தொலைநோக்கியைக் கொண்டு அவ்விண்மீனுக்குக் கோள் ஒன்றை அறிவித்தார்கள். 2025-இல் வேறொரு கருவியும் சாட்சி சொல்ல, நான்கு கோள்கள் உறுதியாயின. ஒவ்வொன்றும் பூமியைவிடச் சிறியது. எல்லாமே ஏழு நாளுக்குள் சுற்றிவிடுகின்றன. நீர் நிற்க முடியாத வெப்பம். வான் டி காம்ப் கண்டதாகச் சொன்ன பெருங்கோளுக்கும் இவற்றுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை.

அவ்விண்மீனை வெறுங்கண்ணால் காண முடியாது. ஆனால் கேப்டன் ஜேகப் பார்த்த 70 ஓஃபியூக்கியை, மின்விளக்குகள் இல்லாத செம்பனைத் தோட்டத்து இருட்டில் நின்றால் மங்கலாகக் காணலாம். ஆகஸ்டு மாத நடுவில் இரவு பத்து மணி அளவில் அது நமக்கு ஏறக்குறைய நேர் உச்சியில் நிற்கும். அதன் பக்கத்திலேயே, சிறு தொலைநோக்கிக்குத்தான் தெரியும்படி, பர்னார்டு விண்மீனும் இருக்கிறது.